உடம்பு ஆறும்போது மனசு செய்ய வேண்டிய வேலை: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது சாமிப் படமும், அதற்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய எக்ஸ்ரே கவரும்தான். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு 54 வயது. கொழுந்து பறிக்கப் போய் நாலு மாசமாகிவிட்டது.

"சிஸ்டர், முட்டி ஜவ்வு முழுக்கத் தேஞ்சு போச்சாம். இனிமே நடந்தா எலும்போட எலும்பு உரசி நொறுங்கிடுமாம்" என்றார். கீழே ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ அவசரத்தில் சொன்னது. அந்த வாக்கியத்தை அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார். காலை மடக்கச் சொன்னேன். மடக்குவதற்கு முன்பே முகம் சுருங்கியது, மூச்சு நின்றது, தொடை கல்லாக இறுகியது. முட்டி அசையவே இல்லை, வலி வந்துவிட்டது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் 22 வருடமாக வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடும் செவிலி நான். காயத்தை ஆற்றுவது உடம்பு. மருந்து அதற்குத் துணை. மனசின் வேலை, நடுவில் வந்து நிற்கும் பயத்தை விலக்கிக் கொடுப்பது. அந்த வேலையைத் தினமும் கையால் செய்யக்கூடிய காரியங்களாகப் பிரித்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாய் கடித்துவிட்டால் தைரியம் உதவாது, ஊசிதான் உதவும். நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இல் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிக்கு மருந்து தரத்தான். எலும்பு முறிவு, சீழ் வைத்த புண், சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும், சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்த வழிகாட்டி. காசநோய்க்காரர் ஒருவர் இரண்டாம் மாசம் "மனசு தெம்பா இருக்கு" என்று மாத்திரையை நிறுத்தியதைப் பார்த்தவள் நான். அந்தத் தெம்பு மாத்திரை கொடுத்தது.

அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனையை எல்லோருக்கும் சொல்வேன். ஒரு முறை உண்மையான இன்ஹேலர், ஒரு முறை மருந்தே இல்லாத இன்ஹேலர், ஒரு முறை போலி அக்குபங்சர், ஒரு முறை ஒன்றுமே இல்லை என்று அதே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது உண்மை இன்ஹேலருக்கும் போலிக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வந்தது: நன்றாக இருக்கிறது. ஆனால் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தால், உண்மை மருந்தில் 20 சதவீதம் முன்னேற்றம், மற்ற மூன்றிலும் 7 சதவீதம்தான். நெஞ்சு லேசாகிவிட்டது என்ற உணர்வு பொய்யில்லை. மூச்சுக்குழாய் விரியாததும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

மனசு நிஜமாகவே மாற்றக்கூடியவை வேறு: வலி, குமட்டல், அசதி, தூக்கம், வயிற்றுக் கோளாறுகளில் ஒரு பகுதி, புண் ஆறும் வேகம். வலியில் இது வெறும் கற்பனை இல்லை என்பது 1978-இலேயே தெரிந்துவிட்டது. கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத ஊசி போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும், குறைந்த வலி திரும்ப வந்தது. நம்பிக்கை உள்ளே போய் உடம்பின் சொந்த வலிநிவாரணியைத் திறந்துவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: உங்கள் காதில் விழுந்த வார்த்தைகளை எழுதுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமாக இதைத்தான் நினைக்கிறேன். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், உங்கள் நோயைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதுங்கள். டாக்டர், மருந்துக்கடைக்காரர், நாத்தனார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், யூடியூப், யாரையும் விடாதீர்கள். "நரம்பு நசுங்கிடுச்சு." "இந்த மாத்திரை கிட்னியைத் தின்னுடும்." "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது." படிக்கும்போது எந்த வரியில் வயிறு பிசைகிறதோ அதன் கீழே கோடு போடுங்கள்.

நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு வலியைக் குறைப்பது போலவே, கெட்டது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு வலியைக் கூட்டும். முன்னதை பிளாசிபோ என்றும் பின்னதை நோசிபோ என்றும் சொல்வார்கள். லண்டனில் நடந்து 2020-இல் வெளியான ஒரு ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் அதே போலிருக்கும் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. ஸ்டேட்டின் சாப்பிட்ட மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. அந்த மனிதர்கள் நடிக்கவில்லை, உடம்பு நிஜமாகவே வலித்தது. ஆனால் அதில் பெரும்பங்கைக் கொண்டுவந்தது மருந்து இல்லை, மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பு.

இனி நோட்டின் வலப்பக்கம். கோடு போட்ட ஒவ்வொரு வரிக்கும் எதிரே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். இது ஆறக்கூடியதா, எத்தனை நாளில்? எனக்கு வலித்தால் உள்ளே ஏதாவது கெட்டுப்போகிறதா, இல்லை வெறும் வலிதானா? என்னவெல்லாம் நான் பயமில்லாமல் செய்யலாம்? நாம் மலையிறங்கி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கோயம்புத்தூர் போய், டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் டாக்டருக்கு முன்னால் கிடைப்பது ஐந்து நிமிஷம். அந்த நேரத்தில் கேள்வியை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த அக்காவும் அப்படித்தான் செய்தார். வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "அம்மா, இது உங்க வயசுல நிறைய பேருக்கு இருக்கற தேய்மானம். நடந்தா நொறுங்காது. நடக்காம இருந்தாத்தான் தொடைச் சதை வத்திப்போய் முட்டி மேல பாரம் ஏறும்" என்றார். முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையே உடற்பயிற்சிதான் என்பதும், எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் ஆள் படும் வலியும் பல நேரம் ஒத்துப்போகாது என்பதும் எலும்பு மருத்துவத்தில் எல்லோரும் அறிந்தது. அக்காவிடம் அதை அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: மூச்சு, முப்பது அவரை விதையோடு

பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். பயத்தை "போ" என்று சொன்னால் போகாது. மூச்சின் வேகம் மட்டும் நம் கையில் இருக்கிறது. வெளிமூச்சை நீட்டினால், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணிகிறது.

ஒரு கிண்ணத்தில் 30 அவரை விதை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஒரு விதையை அடுத்த கிண்ணத்தில் போடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, முப்பது விதை முடிந்தால் ஐந்து நிமிஷம். கடிகாரம் வேண்டாம், போனும் வேண்டாம். விதை விழும் சத்தம் மனசை இழுத்துப் பிடித்து வைக்கும். எண்ணுவதற்குப் பதிலாக ஹெத்தையம்மன் பெயரோ, முருகன் பெயரோ, ஜெபமாலையோ சொல்ல விருப்பமா? தாராளமாகச் சொல்லுங்கள், நீளம் மட்டும் ஒத்துவர வேண்டும்.

காலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. மூச்சை உள்ளே அடக்கி வைக்காதீர்கள். கோத்தகிரியே ஏறக்குறைய 1,800 மீட்டர், உதகை 2,200-க்கு மேல். சமவெளியிலிருந்து ஓய்வுக்கு வந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் மூச்சு கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். அவர்கள் மூன்றும் நாலுமாக எண்ணட்டும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். விறகடுப்புப் புகையில் உட்கார்ந்து செய்யவே கூடாது.

இதன் கூடவே தசையை இறுக்கித் தளர்த்தும் பழக்கம் ஒன்று உண்டு. பாதத்தில் தொடங்கி முகம் வரை ஒவ்வொரு பகுதியையும் ஐந்து நொடி இறுக்கி, பிறகு விட்டுவிட வேண்டும். காயம் பட்ட இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நாலாம் படி: கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வு இது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய பதிவுகளை எடுத்து, ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வலுவான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் இதைச் செய்து பார்க்க நமக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

நம்மைச் சுற்றி மரத்துக்குக் குறைவா? இருந்தும், நோயாளியைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்திருக்கும் வீடுகளே அதிகம். குளிர் என்று ஜன்னலையும் சாக்குத்துணியால் அடைத்துவிடுவார்கள். இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த ஒரு பாட்டியின் கட்டிலைப் பேரன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திருப்பிப் போட வைத்தேன். ஜன்னல் இரண்டடிதான். அதில் ஒரு சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே பக்கத்து வீட்டுக் கோழி. மூன்றாம் நாள் போனபோது பாட்டி தன் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. "அந்தக் கோழி அஞ்சு குஞ்சு கூட்டிட்டு வந்துச்சு, இன்னைக்கு நாலுதான் இருக்கு, போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கட்டைப் பிரித்தேன்.

மலைக்காற்றே எல்லாவற்றையும் குணமாக்கும் என்ற பேச்சு பழசு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மேலே வந்து பார்த்ததற்குப் பிறகு, சமவெளிக் காய்ச்சலில் மெலிந்த வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற இங்கே ஏறி வந்தார்கள். ஓய்வுக்கு வருகிறவருக்கு மலை அப்படித்தான் தெரியும். மழையில் நனைந்து சரிவில் கொழுந்து பறிப்பவருக்கு அதே மலை வேலைத்தலம், முட்டிவலி வந்ததே அங்கேதான். அதனால் "இவ்வளவு அழகான ஊர்ல இருந்துக்கிட்டு உனக்கென்ன கவலை" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வேலையில்லாத கண்ணோடு தினம் கால் மணி நேரம் வெளியே பார்க்க ஒரு இடம் அமைத்துக் கொடுங்கள். அது போதும்.

ஐந்தாம் படி: மாத்திரையை மரியாதையோடு விழுங்குங்கள்

இத்தாலியில் ஃபாப்ரிசியோ பெனடெட்டியின் குழு, அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு வலிமருந்தை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தது. ஒரு சாராருக்கு ஒருவர் பக்கத்தில் நின்று, "இது வலிக்கான மருந்து" என்று சொல்லி ஏற்றினார். இன்னொரு சாராருக்கு அவர்கள் அறியாமல் இயந்திரம் ஏற்றியது. மருந்து ஒன்றுதான், ஆனால் தெரிந்து வாங்கியவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது.

நடந்துகொண்டே, திட்டிக்கொண்டே, டிவியைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை வாயில் போடுகிறோம். உட்காருங்கள். இந்த மாத்திரை எதற்கு என்று உங்களுக்கே ஒரு வரி சொல்லிக்கொள்ளுங்கள்: "இது புண்ணில் கிருமியைக் கொல்ல." "இது ரத்தக்குழாய் இறுகாமல் இருக்க." எதற்கென்று தெரியாவிட்டால் மருந்துச் சீட்டோடு போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தினம் அதே நேரம், அதே டம்ளர், அதே இடம்.

ஆறாம் படி: கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள்

வலி ஒரு எச்சரிக்கை மணி. ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால் அடிக்கும். நாள்பட்ட வலியில், ஆபத்து போன பிறகும் அடித்துக்கொண்டே இருக்கும். இல்லாத கையே வலிக்கும் மனிதர்களுக்கு, இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி வலியைக் குறைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். மூளைக்குப் புதுச் சாட்சி கொடுத்தால் அது தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும். நமக்கு அந்தச் சாட்சி அசைவுதான்.

டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். அக்காவுக்கு முதல் வாரம் வாசலிலிருந்து குழாயடி வரை, ஒரு நாளைக்கு மூன்று முறை. அடுத்த வாரம் குழாயடி தாண்டிக் கடை வரை. நல்ல நாளில் கூடுதலாக நடக்கவும் கூடாது, மோசமான நாளில் நிறுத்தவும் கூடாது. வலியைப் பத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நடக்கும்போது இரண்டு எண் ஏறினால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த நாள் தூரத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அக்கா வாய்விட்டுச் சொல்வார்: "வலிக்கும், ஆனா நொறுங்காது." ஆறாம் வாரம் எடை போடும் கொட்டகை வரை போய்க் கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். சரிவில் இறங்க இன்னும் குச்சி வேண்டியிருக்கிறது.

காலை 7 மணிக்கு முன்பும் மாலை 5.30-க்குப் பிறகும் தேயிலைக்குள் தனியாக நடக்காதீர்கள். காட்டெருமையும் கரடியும் உங்கள் பிசியோதெரபி நேரத்தைப் பார்த்து வருவதில்லை. உறைபனி விழும் மாதங்களில் புல் வழுக்கும், வெயில் ஏறிய பிறகே போங்கள்.

ஏழாம் படி: தூக்கம்

2015-இல் வெளியான ஒரு ஆய்வில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் சளிக் கிருமியை விட்டார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்கு. டீ ஊரில் இருப்பவர்களிடம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறேன்: நோய் ஆறும் வரை மாலை 4 மணிக்கு மேல் டீ வேண்டாம். குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

குளிருக்குக் கம்பளி, வெந்நீர்ப் பை, காலுறை. கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் படுக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

எட்டாம் படி: பக்கத்தில் இருப்பவருக்கு

இந்தப் படியை நோயாளி படிக்க வேண்டாம், பார்த்துக்கொள்பவர் படியுங்கள்.

பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே "ஐயோ, இப்படி இளைச்சுட்டியே" என்று ஆரம்பிப்பார்கள். கொண்டுவரும் ஹார்லிக்ஸ் பாட்டிலைவிட அந்த வாக்கியம் உள்ளே நாள்கணக்கில் தங்கும். வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, "நேத்தைக்கு இன்னைக்கு பரவாயில்ல, அதையே பேசுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. இன்று கூடுதலாக ஒரு இட்லி சாப்பிட்டது உண்மை, அதைப் பேசலாம்.

அதைவிட முக்கியம் உங்கள் உடம்பு. அமெரிக்காவில் ஜானிஸ் கீகால்ட் கிளேசரின் குழு 1995-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத அதே வயதுப் பெண்கள் 13 பேருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் செய்து, ஆறும் நாளை எண்ணினார்கள். சுமை இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய 39 நாள். பார்த்துக்கொள்பவர்களுக்கு 48 நாளுக்கும் மேல். ஒரு மிளகு அளவுக் காயத்துக்கு ஒன்பது நாள் கூடுதல்.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த மூன்று வருடமும் அம்மாவின் விரலில் வெடிப்பு ஆறியதே இல்லை. களிம்பு மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒரு நாள் ராத்திரிகூட அவருக்குப் பதில் நான் விழித்திருக்கவில்லை. செவிலியாக இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நோட்டில் ஒரு பக்கம் உங்களுக்கு. வாரத்தில் இரண்டு ராத்திரி வேறு யார் விழித்திருப்பது, பெயர் எழுதுங்கள். மகன், மருமகள், தம்பி, யாராயிருந்தாலும் முறை போட்டுக்கொள்ளுங்கள். தினம் அரை மணி நேரம் நீங்கள் வீட்டை விட்டு வெளியே. முப்பது அவரை விதை உங்களுக்கும் உண்டு.

ஒன்பதாம் படி: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

தினம் படுக்கும் முன் நாலே வரி: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூக்கம், எவ்வளவு நடந்தேன், இன்று நேற்றைவிட எது லேசாக இருந்தது. கடைசி வரியைக் காலியாக விடாதீர்கள், "சட்டை நானே போட்டேன்" என்பதும் கணக்குதான். இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு இதையும் கொண்டுபோங்கள். மருந்தைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர் வேலை, நோட்டைப் பார்த்து நீங்களே குறைக்காதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது இருந்தால் விதையும் வேண்டாம், நோட்டும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி வர நேரமாகும், எனவே காத்திருந்து பார்க்காதீர்கள். காய்ச்சல், புண்ணில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்தால் தேவலை என்று தோன்றினால் அது மனவலிமைக் குறைவு இல்லை, அதுவும் சிகிச்சை உள்ள நோய். 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், அரசின் டெலி மனஸ் சேவை அது, காசில்லை, தமிழிலேயே பேசலாம். இந்த எண்கள் இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த சின்னப் பிள்ளைக்கும் காட்டி வையுங்கள்.